ரீகாவுக்கு வந்த கோப்பை

பழைய பந்தய முடிவுகளின் பட்டியலைப் படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். பெயரும் எண்ணும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், சொல்லாமல் விட்ட கதை நிறைய இருக்கும் என்பதே என் பதில். ஐரோப்பியக் கூடைப்பந்துச் சாம்பியன் கோப்பையின் முதல் வருஷமான 1958-ன் பட்டியல் அந்த ரகத்தைச் சேர்ந்தது.

வென்ற கழகம் ரீகா ஏ.எஸ்.கே. அதன் தேசம், சோவியத் யூனியன். தோற்றது பல்கேரியாவின் அக்காடெமிக் சோஃபியா. ரீகாவில் 86–81, சோஃபியாவில் 84–71. அரையிறுதியில் ரீகாவை எதிர்த்திருக்க வேண்டிய ரியல் மாட்ரிட் ‘விலகிக்கொண்டது’. பட்டியல் இவ்வளவுதான். இதில் இரண்டு இடங்களில் கண் தடுக்கி நின்றுவிடுகிறது. ஒன்று, தேசத்தின் பெயர். மற்றொன்று, விலகிக்கொண்டது என்ற சொல்.

ரீகா, பால்டிக் கடலோரத்திலுள்ள லாட்வியா என்ற சிறு நாட்டின் தலைநகரம். முதல் உலக யுத்தத்தின் முடிவில் சுதந்திரம் பெற்ற நாடு அது. அங்கே கூடைப்பந்தைக் கொண்டுபோய்ப் பழக்கியது ஒய்.எம்.சி.ஏ. சங்கம், சென்னையில் 1920-ல் தேகப்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய அதே சங்கந்தான். லாட்வியர்களுக்கு அந்த ஆட்டம் கைவந்துவிட்டது. 1932-ல் ஜெனீவாவில் எட்டு நாடுகள் கூடிச் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை ஸ்தாபித்தபோது, அந்த எட்டில் லாட்வியாவும் ஒன்று. 1935-ல், அதே ஜெனீவாவில் முதல் ஐரோப்பியப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் லாட்வியா ஸ்பெயினை 24–18 என்று தோற்கடித்தது. எண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு கூடைக்கும் பிறகு நடுக்களத்துக்குத் திரும்பி, பந்தை மறுபடி மேலே போட்டு ஆரம்பித்த காலம் அது.

ஐந்தே வருஷத்தில் நாடு போய்விட்டது. 1940-ல் சோவியத் சேனை உள்ளே வந்தது. 1941-ல் ஜெர்மானியர் வந்தார்கள். 1944-ல் மறுபடி சோவியத் சேனை. 1949 மார்ச் மாதத்தில் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை, குழந்தை கிழவர் என்று பாராமல், ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1935-ல் அணியை நடத்திய வால்டெமார்ஸ் பௌமானிஸ் ஊரை விட்டுப் போய், கடைசியில் அமெரிக்காவில் வாழ்ந்தார்.

இத்தனைக்கும் பிறகு ஒன்பதே வருஷத்தில் ஐரோப்பாவின் கோப்பை ரீகாவுக்கு வந்தது. ஏ.எஸ்.கே. என்றால் சேனையின் விளையாட்டுக் கழகம். எந்தச் சேனை நாட்டைப் பிடித்ததோ, அந்தச் சேனையின் பெயரைப் போட்டுக்கொண்டு லாட்விய வாலிபர்கள் ஆடினார்கள். அவர்களைப் பழக்கிய அலெக்ஸாண்டர் கோமெல்ஸ்கி ருஷ்யாவிலிருந்து வந்தவர்; கட்டை உருவம்; கோப்பை கிடைத்தபோது வயது முப்பது. அவரைப் பகைவன் வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. காட்டில் மரவேலை செய்துகொண்டிருந்த யானிஸ் க்ரூமின்ஷ் என்ற ஏழடி இரண்டங்குல மனிதரை, இருபது வயது தாண்டிய பிறகு பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஐரோப்பாவே அண்ணாந்து பார்க்கும்படி செய்தவர் அவர். நல்ல வாத்தியாருக்கு மாணாக்கனின் கைதான் தெரியும். அந்தக் கையின் பலன் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது வேறு சங்கதி. க்ரூமின்ஷ், முய்ஷ்னியெக்ஸ், வால்ட்மானிஸ் மூவரும் ஒலிம்பிக்கில் ஆளுக்கு மூன்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். ஒன்பதும் சோவியத் கணக்கில்தான் இருக்கின்றன.

இனி மாட்ரிட் விஷயம். ரியல் மாட்ரிட் ஆட்டக்காரர்கள் பயந்து விலகவில்லை. சோவியத் மண்ணுக்குப் போக ஃபிராங்கோவின் சர்க்கார் அனுமதி தரவில்லை. உள்நாட்டு யுத்தத்தில் ஃபிராங்கோவின் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்தது மாஸ்கோ. பின்பு உலக யுத்தத்தில் அவர் அனுப்பிய தொண்டர் படை லெனின்கிராட் அருகே ருஷ்யர்களோடு போரிட்டது. அந்தக் கணக்கு பந்துக் களத்திலும் தீரவில்லை. 1935-ல் லாட்வியாவை எதிர்த்து நின்ற நாட்டின் கழகம், 1958-ல் லாட்விய வாலிபர்களை எதிரே பார்க்கவே முடியாமல் போயிற்று. பார்க்க விடாமல் தடுத்ததும், லாட்வியாவைச் சோவியத் என்று எழுதிய அதே பெயர்தான்.

இந்த வைராக்கியம் வெகுநாள் நிற்கவில்லை. 1960-ல் கால்பந்துக் கோப்பையிலும் ஸ்பெயின் இப்படியே ஒதுங்கியது. 1962-ல் ரியல் மாட்ரிட்டும் டிபிலிஸி டினாமோவும் இறுதிக்கு வந்தபோது, யார் ஊரும் வேண்டாம் என்று, ஜெனீவாவில் ஒரே ஆட்டமாக முடித்தார்கள். டிபிலிஸி 90–83 என்று வென்றது. மறு வருஷமே ரியல் மாட்ரிட் மாஸ்கோ போய் ஆடிவிட்டு வந்தது. தடை போட்டவர்களுக்கு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை. 1958-ல் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரனுக்கு அந்த வருஷம் திரும்பி வருமா?

ரீகா கழகம் 1959-லும் 1960-லும் கோப்பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பட்டியலில் மூன்று வருஷத்துக்கும் சோவியத் யூனியன் என்றே இருக்கிறது. அது பொய்யன்று, கட்டணம் கட்டியதும், சீட்டு வாங்கிக் கொடுத்ததும், கொடி பிடித்ததும் அந்த ராஜ்யந்தான். ஆனால், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பாஷைக்குப் பட்டியலில் இடம் கிடையாது.

லாட்வியா 1991-ல் மீண்டும் சுதந்திரம் பெற்றது. பௌமானிஸ் மறு வருஷம் காலமானார். அந்தச் செய்தியைக் கேட்கும் வரையிலாவது ஆயுசு இருந்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், மூவர் ஆடும் ஆடவர் கூடைப்பந்தில் முதல் தங்கத்தை லாட்வியாவே பெற்றது. இறுதியில் 21–18 என்று தோற்றவர்கள் ருஷ்யர்கள். ஊக்கமருந்து விவகாரத் தண்டனையால், அந்த முறை தங்கள் தேசத்தின் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாமல் ஆடியவர்கள் அவர்கள்.

இதைப் பழிதீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெயரில்லாமல் ஆடுவது எவருக்கும் வருத்தமே. ஆனால், அன்று லாட்வியா என்று பட்டியலில் எழுதினார்களே, அதைக் க்ரூமின்ஷ் படித்திருக்க வேண்டும். அவர் 1994-லேயே போய்விட்டார்.