ஹாமன்தாஷ்

பூரிம் பண்டிகைக்காக யூத வீடுகளில் சுடும் முக்கோண பிஸ்கட் இது. இத்திஷ் மொழியில் 'மோன்' என்றால் கசகசா, 'தாஷ்' என்றால் பை. 'கசகசாப் பை' என்ற பொருளில் 'மோன்தாஷ்' என்று வழங்கிய பலகாரத்தின் பெயரில், பூரிமுக்குக் காரணமான பைபிளின் எஸ்தர் கதையில் வரும் வில்லன் ஹாமன் பிற்பாடு புகுந்துகொண்டான். யூதர்களை அழிக்க அவன் சீட்டுப் போட்டு நாள் குறித்தானாம். பூரிம் என்பதே 'சீட்டுகள்' என்று பொருள்படும். எபிரேயத்தில் இதே பலகாரத்துக்கு 'ஓஸ்னே ஹாமன்', அதாவது ஹாமனின் காதுகள் என்று பெயர். எதிரியின் காதைக் கடித்துத் தின்னும் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சமையல்காரருக்குப் பொருத்தமான பெயர் பைதான்.

வட்டமாக வெட்டிய மாவின் நடுவில், அரைத்துப் பாலும் தேனும் விட்டுக் கிளறிய கசகசாப் பூரணம் ஒரு சிறு கரண்டி. மூன்று பக்கமும் மடித்து முனைகளை அழுத்திக் கிள்ள வேண்டும். பூரணம் கூடினாலோ கிள்ளல் தளர்ந்தாலோ அடுப்பில் வாய் பிளந்துவிடும். உலர்ந்த பிளம், பேரீச்சை, சாக்லேட் பூரணங்களும் உண்டு.

பூரிமன்று ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்புவது கடமை. பகல் விருந்து, ஏழைகளுக்குக் கொடை இரண்டும் அன்றே. அதனால் பலரும் இதை முன்கூட்டியே சுட்டு வைப்பார்கள். புளித்த மாவுப் பண்டங்கள் விலக்கப்படும் பஸ்கா பண்டிகை ஒரு மாதத்தில் வருவதால், வீட்டிலிருக்கும் கோதுமை மாவைத் தீர்க்கவும் இதுவே நல்ல சாக்கு.