வெருகும் அடைகோழியும்

"அடைகோழி போச்சுடா!" என்று அப்பாயி கத்திய விடியலில்தான் எனக்குக் காட்டுப்பூனை அறிமுகம். தாராசுரத்தில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால், நாணல், அப்புறம் வயல். பிறகு கல்லூரியில் குறுந்தொகை படித்தபோது 139-ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். மாலையில் வேலியோரம் வெருகு வர, பதறிக் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழி. எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார். வெருகு என்றால் நம்ம காட்டுப்பூனையேதான்.

பொறியும் பழசுதான். நற்றிணை 119-இல் தினை தின்னும் பன்றிக்கு வைத்த கல் அடாரில் புலி மாட்டிக்கொள்கிறது.

அப்பாயி சின்ன வயசில் நரிக்குறவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். தடம் பார்த்து, வேலிச் சந்தில் கண்ணி. கூலி நெல். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் கைவேலையே குற்றமானது. சட்டம் சரிதான், வெருகு வயல் எலியையும்தானே தின்கிறது. ஆனால் பிழைப்பை இழந்த அந்த மக்கள் பழங்குடிப் பட்டியலில் ஏற 2023 ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு!

நாங்கள் கடைசியில் கூட்டுக்குக் கம்பிவலை அடித்தோம். அப்பாயிக்குத் திருப்தியில்லை. "கோழிக்கு ஜெயிலு, பூனைக்கு ஊரா?" என்று கேட்டது.