மின்சாரம் விளையும் மாவட்டத்தில் மின்வெட்டு

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களான நமக்கு மின்சாரத்தோடு இரட்டை உறவு உண்டு. மீஞ்சூருக்குத் தெற்கே அத்திப்பட்டில் அதை உற்பத்தி செய்கிறார்கள். வடக்கே கும்மிடிப்பூண்டியில் அதைக் கொட்டி இரும்பு உருக்குகிறார்கள். இருந்தும் 2008 முதல் 2015 வரை நம் பகுதியும் மின்வெட்டில் கிடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது, யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

நம் மாநில மின்சாரத்தின் கதை தண்ணீரில் தொடங்கியது. பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்வாரியம் அமைந்தது. கிராமங்களுக்குக் கம்பி இழுத்து, கிணறுகளுக்கு மோட்டார் வைக்க வைக்க அணை மின்சாரம் போதவில்லை. 1962இல் நெய்வேலி வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூர் அனல் நிலையம் 450 மெகாவாட் திறனோடு உருவானது. 1994 முதல் 1996க்குள் வடசென்னை நிலையத்தின் மூன்று அலகுகள் சேர்ந்து 630 மெகாவாட் தந்தன. ஒடிசாவின் தால்ச்சர் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே வருகிறது. அந்த நிலக்கரியை இறக்குவதற்கென்றே முதலில் திட்டமிடப்பட்டு 2001இல் திறக்கப்பட்டதுதான் எண்ணூர்த் துறைமுகம்.

இனி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். பழைய இரும்பை இண்டக்ஷன் உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, கட்டடக் கம்பியாக உருட்டுவது இங்கே முக்கியமான தொழில். ஒரு டன் இரும்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது நான்கு மாத மின்சாரம். ஊரெல்லாம் வீடு கட்ட, மேம்பாலம் கட்டக் கம்பி கேட்டார்கள். உலைகள் பெருகின.

இதே காலத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் ஆலைகளும் கைபேசி ஆலைகளும் வந்தன. நடுத்தர வீடுகளில் ஏ.சி. ஏறியது. ஆனால் வடசென்னையின் மூன்றாவது அலகுக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மின்வாரியத்தின் சொந்தப் பெரிய அனல் நிலையம் எதுவும் புதிதாக ஓடத் தொடங்கவில்லை. சிறிய எரிவாயு நிலையங்களும் சில தனியார் நிலையங்களும்தான் வந்தன. காற்றாலைகள் நிறைய வந்தன; ஆனால் ஆடிக் காற்று ஓய்ந்ததும் அவையும் ஓய்ந்துவிடும். வெளி மாநிலத்தில் விலைக்கு வாங்கலாம் என்றால், வடக்கிலிருந்து கொண்டுவரப் போதிய மின்பாதை இல்லை.

2008இன் கடைசியில் உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு வரம்பு வந்தது. 2012இல் வெட்டு 40 சதவீதம். மாலை 6 முதல் 10 வரை தனிக் கட்டுப்பாடு. வாரத்தில் ஒரு நாள் 'பவர் ஹாலிடே'. சென்னையில் வீடுகளுக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது.

உருக்காலையில் நினைத்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிட முடியாது. உருகிய இரும்பு உலையிலேயே உறைந்தால் உள்பூச்சு வெடித்துவிடும்; உலையைத் திரும்பத் தயார் செய்யப் பல நாள் ஆகும். அதனால் மாலை ஆறுக்குள் கடைசி ஹீட்டை ஊற்றி முடிக்கும்படி கணக்குப் போட்டு ஓட்டினோம். பத்து மணிக்கு மேல் மறுபடி மூட்டம். எனக்கு மாதச் சம்பளம். ஹீட் குறைந்தாலும் கைக்கு வருவது குறையவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படியில்லை. வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. ஷெட்டுக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.

வசதி உள்ள ஆலைகளுக்கு வழி இருந்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, பயன்படுத்துவோர் 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் அது 'சொந்த உபயோக' நிலையம். அப்படிப் பங்கு போட்டு மின்சாரம் எடுத்தார்கள். கும்மிடிப்பூண்டியிலேயே தனியார் நிலக்கரி நிலையம் எழுந்தது. நடுத்தர ஆலைகள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டின. அந்த யூனிட்டின் விலை வாரிய விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லேத் வைத்திருந்த சிறு பட்டறைக்காரருக்கு இரண்டும் கட்டாது. கரன்ட் வரும்வரை கதவைச் சாத்தினார்.

பற்றாக்குறை தீர்ந்ததும் நம் மாவட்டத்தால்தான். வல்லூரில் மத்திய, மாநில நிறுவனங்கள் கூட்டாக அமைத்த 1,500 மெகாவாட் 2012 முதல் 2015க்குள் வந்தது. வடசென்னை இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட் 2013, 2014இல் வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டுத் தொகுப்போடு இணைந்தது. 2015 ஜூனில் ஆலைகளுக்கான கட்டுப்பாடு விலகியது.

ஆனால் அந்த மின்சாரத்தின் சாம்பல் எங்கே போனது? கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்குப் பக்கத்தில். குழாய் உடைந்து சாம்பல் தண்ணீர் கழிமுகத்தில் கலந்தது பலமுறை செய்தியானது. இறால் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பத்து மக்களும், சாம்பல் குட்டையை ஒட்டி வாழும் செப்பாக்கத்து மக்களும் கம்பி வாங்கி மாடி கட்டியவர்கள் அல்ல, ஏ.சி. போட்டவர்களும் அல்ல. பற்றாக்குறையின் சுமை கூலிக்காரர் மேல் விழுந்தது; அது தீர்ந்ததற்கான விலை மீனவர் மேல் விழுந்தது.

மின்சாரமே வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஓர் இந்தியரின் சராசரி மின் உபயோகம் இன்னமும் உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. தேவை கூடத்தான் செய்யும். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் திறக்கப்பட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. மாலை 6 முதல் 10 வரையிலான நேரம்தான் இன்றும் சிக்கல். அடுத்த நிலையத்தைத் திறக்கும்போது மெகாவாட் கணக்கை மேடையில் படிப்பார்கள். சாம்பல் எங்கே போகிறது, வெட்டு வந்தால் யாருக்கு முதலில் என்ற கணக்கையும் கூடவே படிக்கும்படி நாம் கேட்க வேண்டும்.