மாதோட்டக் கரையில் வந்தோர் தங்கிய இடங்கள்

மன்னார்த் தீவையும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையையும் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அங்கு வந்து சென்ற பண்டங்களைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். முத்தும் சங்கும் யானையும் மிளகும் சீனத்துப் பாண்டமும் எந்தக் காலத்தில் எந்தத் துறையில் கைமாறின என்பதற்கு நூல்கள் உண்டு. அவற்றோடு வந்த மனிதர் இரவில் எங்கே தலைசாய்த்தனர், யார் ஆக்கிய சோற்றை உண்டனர், காற்றுத் திரும்பும் வரை எந்த நிழலில் காத்திருந்தனர் என்று கேட்பார் குறைவு. அரசரும் தளபதியரும் கல்லால் கட்டியவை இக்கரையில் சில உள. ஆயினும் வந்தவர்க்கு இடங்கொடுத்தவை பெரும்பாலும் பனையோலையும் தென்னங்கிடுகும் காட்டுக் கம்பும்தாம். ஒரு பருவத்துக்கென எழுந்து, பருவம் முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிட்ட அவ்விருப்பிடங்கள் மண்ணில் சுவடு விடாத காரணத்தால் சரித்திரத்திலும் சுவடு விடவில்லை.

மரக்கலங்கள் பாயை நம்பியிருந்த காலத்தில் துறைமுகத்தில் தங்குவது ஓரிரவுக் காரியமன்று. தென்மேற்குப் பருவக்காற்றோடு அரபிக்கடலைக் கடந்து வந்த வணிகன், வடகீழ்ப் பருவக்காற்று எழும் வரை ஊர் திரும்ப இயலாது. அன்றியும், மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகளைப் பெருங்கலங்கள் கடக்கமாட்டா ஆகையால், மேலைக்கடலின் சரக்கும் கீழைக்கடலின் சரக்கும் சந்திக்கும் இடமாக மாதோட்டம் அமைந்தது. இலங்கையின் பாலி நூல்கள் மகாதித்த என்றும், பின்னாளில் மக்கள் மாந்தை என்றும் வழங்கிய அத்துறை நகரத்தில், 1980ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஜான் கார்ஸ்வெல் என்ற அறிஞர் தலைமையில் அகழ்வாய்வு நடைபெற்றது. சீனத்துப் பீங்கானும் பாரசீகத்துக் கலவோடும் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. இவ்விஷயத்தில் நமக்கு அவற்றைவிடச் சுவையானவை, அம்மண்ணிலிருந்து சலித்தெடுக்கப்பட்ட தானியங்களும் வித்துகளும்: நெல்லோடு மிளகு, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஓர் இலவங்கம், இவ்வுஷ்ணப் பிரதேசத்தில் விளையாத கோதுமை, திராட்சை விதை. சோறுண்ணும் நாட்டில் மாதக்கணக்கில் காத்திருந்த எவனோ ஒருவன் தன் ஊர் ஆகாரத்தை விடமாட்டாதவனாய் மாவையும் உலர்ந்த பழத்தையும் கூடவே கொண்டுவந்து சமைத்துண்டான் என்று கொள்ளுவதில் தவறில்லை. அவன் தன் தெய்வத்தையும் கூடவே கொணர்ந்தான் என்பதற்கு, பாரசீகக் கிறிஸ்தவரின் சிலுவைக்குறி பதிந்த களிமண் முத்திரையொன்றும் அங்கேயே அகப்பட்டது.

அந்நகரத்தின் தெருவமைப்பைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் ஓரளவு காட்டுகின்றன. முதலாம் இராஜராஜன் காலத்தில் சோழமண்டலத்துத் தாழிகுமரன் என்பான், இராஜராஜபுரமென்று பெயர் பெற்றிருந்த இம்மாதோட்டத்தில் இராஜராஜேசுவரம் என்ற கோயிலை எழுப்பி, வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் பிறவற்றுக்கும் நிவந்தம் அமைத்தான். திருவிராமீசுவரம் என்ற மற்றொரு கோயிலின் நந்தாவிளக்குக்கு வைத்த பணத்தைப் பொறுப்பேற்றவர்கள் இன்னின்னார் என்று இன்னொரு சாசனம் சொல்லுகிறது: சங்கரபாடியார் என்னும் எண்ணெய் வாணிகர், வெற்றிலை வாணிகர், வாழைக்காய் வாணிகர். பெருவணிகக் குழுக்களின் பெயர்களைத் தேடும் ஆராய்ச்சியாளர் இம்மூவரையும் விரைந்து கடந்து செல்வர். எனக்கோ இம்மூவரே முக்கியமானவர்களாகத் தோன்றுகின்றனர். விளக்கெரிக்க எண்ணெயும், பசிக்குக் காயும், உண்டபின் வெற்றிலையும் விற்பவர்கள் கோயிலின் பணத்தை வாங்கி வட்டி கட்டுமளவுக்குச் செழித்திருந்தனரென்றால், அங்கே சொந்தக் கொல்லையில்லாத ஜனங்கள் மிகுதியாக வந்து தங்கிக்கொண்டிருந்தனர் என்பது பெறப்படும். ஏறக்குறைய அந்நூற்றாண்டுகளிலேயே இத்தாலி தேசத்துச் சியெனா நகரத்தில், உரோமாபுரிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் பொருட்டுத் தலைமைத் தேவாலயத்தின் எதிரிலேயே சாந்தா மரியா தெல்லா ஸ்கலா என்ற பெருமடம் எழுந்து, உணவும் படுக்கையும் வைத்தியமும் தர்மமாக அளித்தது. வெனிஸ் நகரமோ ஜெர்மானிய வணிகரையெல்லாம் ஒரே விடுதியில் தங்கவைத்து, அவர் கொண்டுவந்ததையும் கொண்டுபோனதையும் கணக்கெழுதிக்கொண்டது. தர்மமும் சுங்கமும் ஒரே கூரையின் கீழ் வசிக்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள் அவ்வூரார். மாதோட்டத்தில் அத்தகைய பெருங்கட்டடம் எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. கோயிலும் அதன் தெருவும் தீர்த்தமுமே அவ்வேலையைப் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். பாலாவித் தீர்த்தத்தில் நீராடி மாதோட்டத்துத் திருக்கேதீச்சரக் கோயிலை வழிபட்டோரின் பாதையில் நின்றே சம்பந்தரின் பதிகத்தையும் சுந்தரரின் பதிகத்தையும் நாம் படிக்கவேண்டும்.

துறை தூர்ந்தது, நகரம் மங்கியது, போர்த்துக்கேயர் வந்து 1560ஆம் ஆண்டில் மன்னார்த் தீவில் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரத்தின் கற்கள் அக்கோட்டைச் சுவருக்குள் சென்றன என்பது இப்பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1658ஆம் ஆண்டில் அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. பிரதேசத்தைக் காவல் செய்யவே கட்டப்பட்ட அக்கோட்டைகள் எப்போதாவது ஒருமுறை அதிதிகளையும் ஏற்றன. அவ்வாறு ஏற்கப்பட்டோரில் இராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயனைவிட விசித்திரமான விருந்தாளி இருந்திருக்கமுடியாது. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத் துறையில் பிடிபட்டுக் கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கழித்தவன் அவன். அரசனின் ஆணைப்படி, ஒவ்வொரு கைதிக்கும் ஊரார் முறைவைத்து வீட்டுக்கு வீடு சோறு கொடுக்கவேண்டும்; ஆகவே அந்நெடுங்காலமும் அவன் ஊராரின் கட்டாய விருந்தாளியாகவே உண்டு வளர்ந்தான் என்று சொல்லலாம். கடைசியில் அவனும் ஸ்டீவன் இரட்லண்ட் என்ற தோழனும் ஊர் ஊராய்ச் சில்லறைச் சரக்கு விற்போர் போல வடக்கே நழுவி, அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையோரமாக யானைகள் திரியும் காட்டினூடே நடந்து, 1679ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி மாலையில் அரிப்புக் கோட்டையின் வாயிலை அடைந்தனர். இரு கொத்தளங்களே உள்ள சிறு கோட்டை அது. ஒல்லாந்தர் அவர்களை ஐயத்தோடன்றி ஆதரவோடு ஏற்று, பின்னர் மன்னார்க் கோட்டைக்கு அனுப்ப, அங்கேயும் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. அவ்வழியே கொழும்புக்குச் சென்றுகொண்டிருந்த லோரன்ஸ் பைல் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி அவர்களைத் தம் கப்பலிலேயே அழைத்துச் சென்றார். நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

ஒல்லாந்தர் வேறொரு வகையிலும் இக்கரையில் இருப்பிடத்தின் சரித்திரத்தை மாற்றினர். கத்தோலிக்க மதம் அவர்கள் ஆட்சியில் தடைசெய்யப்பட்டபோது, 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று மடுவில் ஒதுங்கினர் என்பது அத்திருத்தலத்தின் வரலாறு. வந்தோரை வரவேற்ற துறைமுகத்தார் தாமே வழிப்போக்கராகி ஒதுங்கிய அவ்விடத்துக்கு, பின்னர் இலங்கை முழுவதிலுமிருந்து யாத்திரிகர் வரலாயினர்.

கிடுகுக் கூரையின் பெருமையை உணரவேண்டுமானால் அந்நாளைய முத்துக்குளிப்பாகிய சலாபத்தைப் பார்க்கவேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் முட்புதருமாகக் கிடக்கும் சிலாவத்துறையிலோ மறிச்சுக்கட்டியிலோ, சிப்பி விளைந்துவிட்டதென்று அரசாங்கம் அறிவித்த ஆண்டுகளில், மாசி பங்குனி மாதங்களில் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் முத்துக் குளிப்போர் வருவர். அவர்களுக்குப் பின்னால் செட்டியாரும் நகை வியாபாரிகளும் சமையற்காரரும் சுறா வாயைக் கட்டும் கடற்கட்டிகளும் பிச்சைக்காரரும் வருவர். தெருக்கள், கடைகள், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை எல்லாம் கம்பும் கிடுகுமாக எழும். சிப்பிகள் கரை சேர்ந்ததும் அரசாங்கத்தின் கொட்டு என்னும் அடைப்புக்குள் பங்கிடப்பட்டு, மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கும் மற்ற இரண்டு பங்கு அரசாங்கத்துக்குமாகப் போகும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டில், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் இளம் சிவில் உத்தியோகத்தராக மறிச்சுக்கட்டியில் வேலைபார்த்தார். பல்லாயிரவர் நெருங்கியிருந்த அவ்வோலை நகரத்தை மிகச் சிலரே அடக்கி ஆண்டனர் என்பதை அவர் வியப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் சகித்துக்கொண்டு அந்நகரத்தில் இரண்டு மாதம் வாழ்வதே ஒரு தவம்தான்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் சலாபத்தை மேற்பார்வையிட வந்த ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், இத்தகைய குடிசையில் இருக்க மனங்கொள்ளாமல், 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கடற்கரையின் மேட்டில் கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை கட்டுவித்தார். டொரிக் என்று ஆங்கிலேயர் அழைத்த அதனை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். வெள்ளைக்காரன் ஓர் ஆண்டில் சில வாரம் தங்கிப் போவதற்காக இத்தனை பெரிய வீடு கட்டுவான் என்று நம்புவதைவிட, நாட்டுக்கதைகளில் வரும் அல்லி அரசாணி அங்கிருந்து முத்தெடுத்தாள் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாயிருந்தது போலும். கடல் கரையை அரித்து அம்மாளிகையைத் துண்டு துண்டாக விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, இச்சரித்திரத்தில் எவரும் பெருமைப்பட இயலாத பகுதிக்கு வருகிறேன். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களுக்குப் பின், இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய ஜில்லாக்களிலிருந்து சாமானிய ஜனங்கள் கங்காணிகளின் பின்னே தோணியேறித் தலைமன்னாரிலும் மற்றத் துறைகளிலும் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தனர். பாதை காடு, தண்ணீர் அரிது, அரிசி விற்பார் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் நடந்தன. நோய்க்கு அஞ்சிய வழியோரக் கிராமத்தார் அவர்களை அண்டவிடவில்லை. 1840களில் அப்பாதையிலும் தோட்டங்களிலும் மாண்டவர் எழுபதினாயிரம் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அது மிகையென்று வாதிப்போர் உண்டு. ஆனால் வழியெங்கும் பிணங்கள் கிடந்தன என்பதை மறுப்பாரில்லை. கர்ப்பவதியாய் இறந்தவளின் பெயரால் சுமைதாங்கிக் கல் நட்டு, ஆடுமாடு உரைஞ்சிக்கொள்ளவும் கல் வைத்து, தெருவை மூடியே மடம் கட்டிய யாழ்ப்பாணத்துத் தர்மம், அதற்குத் தெற்கே நடந்த இவர்களுக்கு எட்டவில்லை. தோட்ட முதலாளிமாரின் நலனைப் பெரிதும் கருதிய அரசாங்கம், கூலிகளின் சாவு தொழிலுக்கு நஷ்டம் என்று கண்ட பின்னரே, அவ்வடபாதையில் கிணறுகளையும் தங்கு கொட்டகைகளையும் ஆஸ்பத்திரிகளையும் ஏற்படுத்திற்று. அதே அரசாங்கம் தன் உத்தியோகத்தரின் பிரயாணத்துக்காகப் பட்டினங்கள்தோறும் வாடிவீடுகளைக் கட்டி, கட்டிலும் கொசுவலையும் சமையற்காரனும் அமர்த்தியிருந்தது. துரை வந்திறங்கிய பிறகே கோழியைத் துரத்திப் பிடிப்பான் அந்தச் சமையற்காரன் என்பது அக்காலத்துப் பிரயாணிகளின் நிரந்தரப் புகார்.

1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத்தொடங்கியதும், சென்னையில் ரயிலேறியவன் இடையில் சிறு கடலொன்றைத் தாண்டிக் கொழும்பில் இறங்கலாயிற்று; மன்னாரில் தங்கவேண்டிய தேவை குறைந்தது. காத்திருத்தல் என்னும் தொல்லை அக்கரைக்குப் போயிற்று. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் அடைபட்டிருந்து, பின்னரே கடல் கடந்தனர். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும், 1980களில் போர் மூண்டதும் நின்றது.

போர்க்காலத்தில் இக்கரையார் அனைவருமே ஏதோ ஒரு திக்கில் அகதிகளாயினர். தோணியில் இராமேசுவரக் கரை சேர்ந்தோர், தோட்டத் தொழிலாளர் காத்திருந்த அந்த மண்டபம் முகாமிலேயே குடியேற்றப்பட்டனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள், எருக்கலம்பிட்டியாரும் முசலிப் பிரிவினரும் உட்பட, கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கிடுகுக் குடிசைகளில் பல்லாண்டு கழித்தனர். மடுவில் யாத்திரிகர் தங்கும் காடு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் அங்கும் பேசாலையிலும் நிவாரண நிலையம் நடத்தியது. அவ்வடைக்கலமும் பத்திரமானதாய் இருக்கவில்லை. 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்திலேயே எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2008ஆம் ஆண்டில் மாதாவின் திருவுருவமே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சில மாதங்கள் கழித்துத் திரும்பிற்று.

இப்பொழுது ரயில் மீண்டும் தலைமன்னார் வரை ஓடுகிறது. மன்னார்ப் பட்டினத்தில் சிறு விடுதிகள் தோன்றியிருக்கின்றன. வங்காலைக் களப்பில் பூநாரை பார்க்க வருவோரும் வெளிநாட்டிலிருந்து சொந்த ஊர் பார்க்க வருவோரும் அவற்றில் தங்குகின்றனர். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் பாலாவி நீர் மொள்ளும் வரிசை நீளுகிறது. ஆகஸ்ட் 15ஆம் தேதித் திருவிழாவுக்கு மடுவில் யாத்திரிகர் விடுதிகள் போதாமல், குடும்பங்கள் முன்போலவே மரத்தடியில் கூடாரமடித்து, அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குகின்றன. மாட்டு வண்டியின் இடத்தை லாரியும் பஸ்ஸும், கிடுகின் இடத்தைத் தார்ப்பாயும் பிடித்துக்கொண்டன. தார்ப்பாய் விரைவில் கட்டலாம், விரைவில் சுருட்டலாம் என்பர். ஆனால் அவ்வெயிலில் ஒரு பகற்பொழுது அதன் கீழ் இருந்தவர்கள் கிடுகையே விரும்புவர்.