சிக்கோ மென்டிசும் அமேசன் காடும்

சூழற் பாதுகாப்பு வசதி படைத்தோரின் கவலை என்பாருக்கு, பிறேசிலின் ஆக்ரேயில் 1944 இல் பிறந்த சிக்கோ மென்டிசின் வாழ்வே மறுமொழியாகும். சிறுவயது முதலே இறப்பர்ப்பால் வெட்டிப் பிழைத்தவர் அவர். 1970களில் கால்நடைப் பண்ணையாளர் மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டை அழிக்க முற்பட்டபோது, காட்டின் அழிவு தம் தொழிலின் அழிவே என உணர்ந்த தொழிலாளர், குடும்பத்தோடு திரண்டு மரம் வெட்டுவோரை மறித்து நின்றனர். 1985 இல் மென்டிஸ் முன்னின்று கூட்டிய மாநாட்டில் அவர்களின் தேசியப் பேரவை உருவாயிற்று. காடு அரசின் உடைமையாக இருக்க, அங்கு வாழ்வோரே அதனை அழிக்காது பயன்கொள்ளும் ஒதுக்ககங்கள் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. 1988 டிசெம்பர் 22 இல் ஷாப்புரியிலுள்ள தம் வீட்டில் மென்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஹெக்டேயர் காடு அவர் பெயரால் ஒதுக்ககமாயிற்று. ஆயினும், இறப்பரால் வாழ்வு நடத்த இயலாத நிலையில், அங்கும் மேய்ச்சல் நிலம் பரவியுள்ளது. வாழ்வோரின் பிழைப்பைக் காவாத சட்டம் காட்டையும் காவாது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.