இன்ஜின் பாகங்களில் கிரீஸ் பிசுக்கு: பாதுகாப்பாகக் கழுவுவது எப்படி?

பவர் டில்லர், களை எடுக்கும் இயந்திரம், விசைத் தெளிப்பான் ஆகியவற்றின் இன்ஜினை விவசாயிகள் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். எதில் கழுவுகிறோம் என்பதைக் கவனிக்காவிட்டால் தீ விபத்தில் முடியும்.

பெட்ரோல் கூடாது

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் ஆவியை வெளிவிடும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பிலோ மோட்டார் சுவிட்ச் பொறியிலோ பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் 35 டிகிரியைத் தாண்டினால் இதே ஆபத்துக்கு உள்ளாகலாம். சித்திரை வெயிலில் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் இந்த வெப்பம் சாதாரணம். எனவே காலை வேளையில், திறந்தவெளி நிழலில் கழுவ வேண்டும்.

காஸ்டிக் சோடா கவனம்

சாய, சலவைப் பட்டறைகளில் பயன்படும் காஸ்டிக் சோடா பிசுக்கை நீக்கும். ஆனால் பிஸ்டன், கார்புரேட்டர் போன்ற அலுமினிய பாகங்களை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம்.

கழுவும் முறை

* காய்ந்த பிசுக்கை முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுக்கவும்.
* ரப்பர் கையுறை, கண்ணாடி அணியவும். பழைய இன்ஜின் ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரக்கூடும்.
* தகரத் தட்டில் சிறிதளவு டீசல் ஊற்றி, பிரஷால் தேய்க்கவும்.
* பிறகு சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கழுவித் துடைக்கவும்.
* இரும்பு பாகங்கள் நன்கு காய்ந்ததும் துரு பிடிக்காதபடி லேசாக ஆயில் பூசவும்.
* அருகில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மிச்சத்தை என்ன செய்வது?

துடைத்த பனியன் வேஸ்ட் துணியைக் குவித்து வைக்காமல், சோளத்தட்டுப் போருக்குத் தொலைவில் விரித்து உலர்த்தவும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைக்கக் கூடாது. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, 2011-ல் சாயப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கழிவு எண்ணெயை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.