சுவாமியும் சிநேகிதர்களும்: சின்னத்திரை வடிவம்

ஆர்.கே. நாராயண் எழுதிய ‘சுவாமியும் சிநேகிதர்களும்’ நாவலை ‘மால்குடி டேஸ்’ என்னும் தூர்தர்ஷன் தொடரின் தொடக்கப் பகுதியாகப் படமாக்கியவர் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக். தயாரிப்பாளர் டி.எஸ். நரசிம்மன். தொடர் 1986இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சிறுவர் உலகைச் சொல்லும் இந்திய நாவல்களில் மூலத்தின் உயிர் கெடாமல் திரைக்கு வந்தவற்றுள் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

சென்னையில் பிறந்த நாராயணின் முதல் நாவல் இது. பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பிய கையெழுத்துப் படி, கிரகாம் கிரீனின் பரிந்துரையால் 1935இல் லண்டனில் நூலானது. சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டதன்று, ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்கள் கதையாகவே வரித்துக்கொண்டார்கள்.

தம் படைப்பு திரையில் உருமாறிய வேதனையை நாராயண் முன்பே அனுபவித்திருந்தார். 1965இல் வெளிவந்த ‘கைடு’ இந்திப் படம், அவருடைய கற்பனை ஊரான மால்குடியின் கதையை ராஜஸ்தானத்துக்குக் கொண்டுபோய்விட்டது. படம் பெரும் வெற்றி பெற்றது. நாராயணோ தம் மனக்குறையைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

சங்கர் நாக் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள ஆகும்பேயை மால்குடியாக்கினார். அடைமழைக்குப் பேர்போன அச்சிற்றூரின் பழைய பெரிய வீடு ஒன்று சுவாமியின் வீடாயிற்று. பாத்திரங்கள் இந்தி பேசினாலும், வீடும் உடையும் பெரியவர்கள் முன் பிள்ளைகள் நிற்கும் விதமும் தென்னாட்டுக்கே உரியவையாக இருந்தன. நாவலாசிரியரின் தம்பி ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்களும், ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனின் இசையும் தொடருக்குத் தனி முகம் தந்தன.

நாவலின் சிறப்பு பெரிய திருப்பங்களில் இல்லை. மாம்பழ விலைக் கணக்கைப் போடச் சொல்கிறார் அப்பா. பழம் பழுத்ததா, காயா என்று தெரியாமல் விலையை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறான் சுவாமி. இரண்டரை மணி நேரப் படமாக எடுத்தால் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய இடந்தான். வாரம் ஓர் அத்தியாயமாக நகரும் தொடரில் அதற்கு இடமும் நிதானமும் கிடைத்தன. மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் முதல் தேவை அந்த அவகாசம் என்பதற்கு இத்தொடரே சான்று. சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் மருண்ட விழிகளும், தந்தையாக வந்த கிரீஷ் கார்னாடின் அளந்த கண்டிப்பும் அந்த அவகாசத்தை வீணாக்கவில்லை.

நாவலின் முடிவில், கிரிக்கெட் ஆட்டத்துக்கு வராமல் போன சுவாமியிடம் கோபம் தணியாமலே அவன் நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். ரயில் புறப்படும் நேரத்தில் ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் நூலைச் சுவாமி பரிசாகக் கொடுத்தனுப்புகிறான். ராஜம் மன்னித்தானா என்பதை நாராயண் சொல்லவில்லை. பிள்ளைகளின் நட்பு முறிவைப் பெரியவர்கள் இவ்வளவு மதித்து எழுதியது அரிது.

இதே கதை ‘சுவாமி’ என்ற கன்னடத் திரைப்படமாகவும் வந்து, மஞ்சுநாத்துக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. சங்கர் நாக் 1990இல் சாலை விபத்தில் காலமானார். 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் தொடருக்குப் புதிய அத்தியாயங்கள் சேர்ந்தன. தொடரில் மால்குடி ரயில் நிலையமாக வந்த அரசாளு நிலையக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, இன்று மால்குடி அருங்காட்சியகமாக இருக்கிறது.